நாயின் முதுகில் ஏறி வரும் நஞ்சு

நம் தோழர்களின் தோட்டங்களுக்குப் போகும்போது நான் வழக்கமாகப் பார்க்கும் இடங்கள் மூன்று. எருக்குழி, விதை வைத்திருக்கும் இடம், நாய் கட்டியிருக்கும் இடம். முதல் இரண்டையும் ஆசையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். மூன்றாவதைக் கேட்டால், "அங்க என்னங்க இருக்கு, சும்மா ஒரு கொட்டகை" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்தக் கொட்டகையின் ஓலைச் செருகலிலோ, மோட்டார் ரூம் ஜன்னல் திண்டிலோ ஒரு பாட்டில் இருக்கும். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், அமிட்ராஸ், இந்த மூன்றில் ஏதாவது ஒன்று. கையில் எடுத்துப் பார்த்தால் உடனே பதில் வரும்: "பயிருக்கு இல்லைங்க, நாய்க்கு. உண்ணி தாங்கல."

பத்து, பதினைந்து வருஷமாக மண்ணில் ஒரு சொட்டு பூச்சிக்கொல்லி விடாதவர்கள் இப்படிச் சொல்கிறார்கள். பயிர் வழியாக வாசலில் நிறுத்திய நஞ்சு, நாயின் முதுகில் ஏறி உள்ளே வந்துவிடுகிறது. இதைப் பற்றி நம் கூட்டங்களில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. பஞ்சகவ்யா பற்றி மூன்று மணி நேரம் பேசுகிறோம்.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. நாயில்லாமல் தோட்டம் இல்லை. எங்கள் பக்கம் சிறுமலை அடிவாரம். நிலக்கடலையில் காய் பிடிக்கும் பருவத்தில் பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் உழவு ஓட்டினதுபோல் கிடக்கும். சின்ன நாய் குரைக்கும், அவ்வளவுதான். பன்றியை எதிர்த்து நிற்க ராஜபாளையம், கோம்பை மாதிரி உடம்பு வேண்டும். புதிதாகப் பண்ணை வீடு கட்டியவர்கள் ஜெர்மன் ஷெப்பர்டு வாங்கி விடுகிறார்கள். பெரிய நாய் என்றால் உண்ணிக்குப் பெரிய வயல். முப்பது கிலோ நாயை மல்லாக்கப் போட்டு அக்குள், தொடையிடுக்கு, கால்விரல் இடுக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு ஆள் பலமும் வேணும், பொறுமையும் வேணும். ராஜபாளையத்துக்கு வெள்ளை முடி, உண்ணி கண்ணில் பட்டுவிடும். கோம்பையின் செவலை முடியில் உண்ணியும் அதே நிறம். ஷெப்பர்டுக்கு மேல்முடிக்குக் கீழே பஞ்சு மாதிரி இன்னொரு முடி. அதற்குள் ஒரு குடும்பமே இருக்கும், வெளியே தெரியாது. ஆகவே பாட்டிலைத் தேடிப் போகிறவரின் கஷ்டம் எனக்குப் புரிகிறது.

ஆனால் அந்தப் பாட்டிலில் இருப்பது என்ன என்று ஒருமுறை யோசிக்க வேண்டும். டெல்டாமெத்ரினும் சைபர்மெத்ரினும் பருத்திக் காய்ப்புழுவுக்கு அடித்த அதே சரக்கு. கழுத்தில் சொட்டுவிடும் மருந்தில் இருக்கும் ஃபிப்ரோனில், நெல் தண்டுத்துளைப்பானுக்கு அடிப்பது. இமிடாகுளோபிரிட், பருத்தி விதைக்கு நேர்த்தி செய்கிறது. எந்தப் பெயரை எதிர்த்து நாம் துண்டறிக்கை கொடுத்தோமோ அந்தப் பெயர்கள்தான் நாய் மருந்தின் லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கின்றன.

இதைவிட மோசம், நாய்க்கென்று தயாரித்ததை வாங்காமல் பயிருக்கு அடிக்கும் பாட்டிலையே நாய்மேல் ஊற்றுவது. "ரெண்டும் ஒண்ணுதானே, இது விலை கம்மி" என்கிறார்கள். பெயர் ஒன்றுதான், சரக்கு ஒன்றில்லை. பயிர் மருந்தில் சைபர்மெத்ரின் 25 சதவீதம் வரை இருக்கும். அதைக் கரைத்து வைக்கச் சைலீன் மாதிரியான கரைப்பான் சேர்த்திருப்பார்கள். அது தோலுக்காகச் செய்த பொருளே இல்லை. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு ஷெப்பர்டுக்கு வாளித் தண்ணீரில் மூடிக்கணக்கில் கலந்து தலையோடு ஊற்றினார்கள். நாய் தன்னைத்தானே நக்கிக் காயவைக்கும் பிராணி. ஒரு மணி நேரத்தில் எச்சில் ஒழுகி, உடம்பு நடுங்கி, பின்னங்கால் இழுத்துக்கொண்டது. சாயங்காலம் குழி வெட்டினார்கள். அதே வாரத்தில் அந்த வீட்டுப் பூனையும் செத்தது. பைரித்ராய்டு வகை மருந்துகளை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. நாய்மேல் இருந்த ஈரம் பட்டாலே போதும். நாயோடு ஒட்டிப் படுக்கிற பூனையை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

"நாய்க்கென்று விற்கிறதைத்தானே வாங்குறேன், அது பாதுகாப்பு" என்பவர்களுக்கு வேறொரு ஊர் சங்கதி. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016 முதல் 2018 வரை 20 ஆறுகளில் எடுக்கப்பட்ட தண்ணீர் மாதிரிகளின் கணக்கைப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட எல்லா மாதிரிகளிலும் ஃபிப்ரோனில் இருந்தது. மூன்றில் இரண்டு பங்கில் இமிடாகுளோபிரிட். அந்த நாட்டு வயல்களில் ஃபிப்ரோனில் பெரிய அளவில் புழங்கியதே இல்லை. நாய், பூனைகளின் கழுத்தில் சொட்டுவிட்ட மருந்து, குளிப்பாட்டும்போதும் படுக்கையைத் துவைக்கும்போதும் சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போயிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. நமக்குச் சாக்கடையே வேண்டியதில்லை. நம் நாய் நேராகப் பண்ணைக்குட்டையில் இறங்கிக் குளிக்கும். மேலே மருந்து ஊற்றிய மறுநாள் வெயில் தாங்காமல் குட்டையில் விழுந்து புரளும். அதில்தான் மீன் விட்டிருக்கிறோம், தட்டான் குஞ்சு பொரிக்கிறது. பைரித்ராய்டு மீனுக்கு எவ்வளவு ஆகாது என்று எந்த லேபிளைப் படித்தாலும் போட்டிருக்கும்.

சரி, உண்ணியை என்னதான் செய்வது? இங்கேதான் நம் ஆட்கள் பலரும் தப்பான இடத்தைப் பார்க்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். உண்ணி நாய்மேல் இருக்கிறது என்று நாயைப் பிடிக்கிறோம். உண்ணியின் வாழ்நாளில் பெரும் பகுதி நாய்மேல் கழிவதே இல்லை.

நம் நாய்களில் காணும் பழுப்பு நாய் உண்ணி மூன்று தடவை நாய்மேல் ஏறி மூன்று தடவை இறங்கும். முட்டையில் இருந்து வரும் பொடி உண்ணிக்கு ஆறு கால். ஏறி, சில நாள் ரத்தம் குடித்து, விழுந்து, சுவர் இடுக்கில் தோலுரிக்கும். எட்டுக் காலோடு மறுபடி ஏறும், குடிக்கும், விழும், மறுபடி தோலுரிக்கும். மூன்றாவது தடவை வளர்ந்த உண்ணியாக ஏறும். பெண் உண்ணி ஒரு வாரம் போலக் குடித்து, சாம்பல் நிறத்தில் கொட்டமுத்து மாதிரி உப்பி விழுமே, அதுதான் நம் கண்ணில் படுவது. அது ஊர்ந்து போய், பெரும்பாலும் மேல்நோக்கி, சுவர் வெடிப்பிலோ கூரைக் கம்பின் சந்திலோ பதுங்கி 4,000 முட்டை வரை இட்டுவிட்டுச் செத்துப்போகும். நம் ஊர் வெக்கையில் இந்தச் சுற்று இரண்டு, மூன்று மாதத்தில் முடிந்துவிடும். நாய் கிடைக்காவிட்டால் வளர்ந்த உண்ணி பல மாதம் பசியோடு காத்திருக்கும்.

இப்போது சொல்லுங்கள். இன்றைக்கு நாயை மருந்தில் முக்கினீர்கள், மேலே இருந்த நாற்பது உண்ணியும் செத்தது. சுவருக்குள் இருக்கும் நாலாயிரத்துக்கு என்ன பதில்? பத்து நாளில் மறுபடி ஏறும். மறுபடி முக்குவீர்கள், அடுத்த தடவை ஒரு மூடி கூடுதலாக. பருத்தியில் பார்த்த கதைதானே இது. வாரம் ஒரு மருந்து அடித்தும் புழு சாகவில்லை என்று புலம்பிய காலத்தை நாம் மறந்திருக்க மாட்டோம்.

இதில் சங்கிலிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஒரே கல்தூண், ஒரே கொட்டகை, ஐந்து வருஷமாக அதே இடத்தில் நாயைக் கட்டிவைத்தால் உண்ணிக்கு நாமே நாற்றங்கால் போட்டுக் கொடுத்த மாதிரி. விழுந்த உண்ணி நாலடி ஊர்ந்தால் சுவர், தோலுரித்துத் திரும்பினால் அதே இடத்தில் அதே நாய். தேடி அலைய வேண்டிய வேலையே இல்லை. ஒரே நிலத்தில் ஒரே பயிரை வருஷக்கணக்கில் போட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். நாய்க்கு மட்டும் அந்தக் கணக்கு வேறு என்று ஏன் நினைக்கிறோம்? ராத்திரி அவிழ்த்துவிடுங்கள், வேலியைச் சரிபண்ணிக்கொண்டு. பகலில் கட்டியே ஆகவேண்டும் என்றால் நிழல் மாற்றி நிழல் கட்டுங்கள். பெரிய உடம்புக்காரனை ஆறடிச் சங்கிலியில் நாள் முழுக்க நிறுத்துவது எனக்கு எப்போதுமே பிடிக்காது. அதைத் தனியாக ஒருநாள் எழுத வேண்டும்.

என் தோட்டத்தில் நாய் படுக்கிற கொட்டகைக்கு மூன்று பக்கம் கருங்கல் சுவர். கல்லுக்குக் கல் இடையில் மண் பூச்சு உதிர்ந்து, கை நுழையும் சந்துகள் இருந்தன. முதலில் தீ. நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணைகளில் ஒரு அணி கோழி போனதும் கொட்டகையைத் தீயால் வாட்டுவார்கள், கேஸ் சிலிண்டரில் மாட்டுகிற ஃபிளேம் கன். அதை வைத்துச் சுவர்ச் சந்து ஒவ்வொன்றிலும் மெதுவாகக் காட்டினால் உள்ளே படபடவென்று பொரியும் சத்தம் கேட்கும். (கேட்பதற்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன்.) ஓலைக் கூரை, கீற்றுத் தட்டி, வைக்கோல் போர் பக்கத்தில் இந்த வேலை ஆகாது. கூரையை இறக்கிவிட்டுச் செய்யணும், இல்லாவிட்டால் கொதிக்கிற தண்ணீரைச் சந்துகளில் ஊற்றணும். தீ காட்டிய பிறகு சந்துகளைச் சிமென்ட் கலவையால் அடைத்து, மேலே சுண்ணாம்பு அடித்தேன். ஈரச் சுண்ணாம்பு நாயின் பாதத்தைப் புண்ணாக்கும், நன்றாகக் காய்ந்த பிறகே நாயை விட வேண்டும். ஒரு தடவை தீ காட்டினால் போதாது. முட்டையில் இருப்பது பிறகு பொரிக்கும். பதினைந்து நாளுக்கு ஒருதடவை, மூன்று மாதம். அப்போதுதான் ஒரு முழுச் சுற்று அறுபடும்.

படுக்கையும் முக்கியம். பழைய கயிற்றுக்கட்டிலை நாய்க்குப் போட்டுவிடுவது நம் வழக்கம். அதன் ஒவ்வொரு முடிச்சும் உண்ணிக்கு ஒரு வீடு. சாக்கும் அப்படித்தான். நான் நாலு கல் வைத்து மேலே ஒரு கடப்பாக் கல் பலகை போட்டிருக்கிறேன். வெயில் காலத்தில் குளிர்ச்சி, துடைத்தால் சுத்தம். குளிர் நாளில் சாக்கு போட்டால் வாரம் ஒருமுறை கொதிநீரில் முக்கி வெயிலில் உதறிக் காயப்போட வேண்டும். கொட்டகையைச் சுற்றி நாலைந்து அடிக்குப் புல், புதர் இல்லாமல் செதுக்கி வைத்திருக்கிறேன். நாட்டுக்கோழி பகலெல்லாம் அங்கேதான் கிளறும். உப்பி விழுந்த உண்ணியை அவை விடுவதில்லை. சேவல் ஒன்று படுத்திருக்கிற நாயின் காதிலிருந்தே கொத்தி எடுக்கும், நாயும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும்.

இனி நம் ஆட்களின் இன்னொரு பழக்கம். ரசாயனம் வேண்டாம் என்று முடிவெடுத்தவுடன், கையில் இருக்கும் இயற்கைக் கரைசல் எல்லாவற்றையும் நாய்மேல் பரிசோதிப்பது. அக்னி அஸ்திரத்தை நாய்க்கு அடித்தவரை எனக்குத் தெரியும். பச்சை மிளகாய், பூண்டு, புகையிலை எல்லாம் கோமியத்தில் கொதித்த சரக்கு அது. அந்த நாய் இரண்டு நாள் வீட்டுப் பக்கமே வரவில்லை, அதன் மேல் எனக்கு மரியாதைதான். சிரிப்பதற்கில்லை: புகையிலைக் கரைசலில் இருப்பது நிகோட்டின். தோல் வழியாகவே இறங்கும், நக்கினால் இன்னும் வேகம். செடியில் இருந்து வந்தது என்பதால் நஞ்சு நஞ்சில்லாமல் போகாது. பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மண்ணெண்ணெய், கற்பூரத் தைலம், ஃபினாயில், இவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கால்நடைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி அய்யா மாட்டு உண்ணிக்குச் சொல்லும் கலவை நம்மில் பலருக்கும் பாடம். பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி, அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டித் தெளிப்பது. மாட்டுக்கு நான் பயன்படுத்துகிறேன், பலன் உண்டு. அதைக் கொட்டகை வெடிப்புகளிலும் தெளிக்கச் சொல்வார் அவர். அந்த இரண்டாவது பாதியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். நாய் விஷயத்தில் நான் அந்த இரண்டாவது பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சுவருக்கு அடிப்பேன், நாய்க்கு அடிக்க மாட்டேன். நாய் முழு உடம்பையும் நக்கும், அதில் பூண்டும் உண்ணிச்செடியும் இருக்கிறது. நாய்மேல் நான் தடவுவது வேப்பெண்ணெய் மட்டும்தான், ஒரு பங்குக்குப் பத்து பங்கு தேங்காய் எண்ணெய் கலந்து, காது மடல், கழுத்து, கால் இடுக்குகளில். அது உண்ணியைக் கொல்லும் என்று நான் சொல்லவில்லை. ஏறுவதைக் கொஞ்சம் குறைக்கிறது, அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

மிச்சம் கைவேலை. சாயங்காலம் சோறு வைக்கும் முன் பத்து நிமிஷம். காதுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குளில், விரலிடுக்கில், வாலடியில். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுக்க வேண்டும். எடுத்ததைச் சோப்புத் தண்ணீர் டப்பாவில் போட வேண்டும். நகத்தில் வைத்து நசுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இந்த உண்ணி மனுஷருக்கும் காய்ச்சல் கடத்தும். கொள்ளிக்கட்டையால் சுடுவதும் மண்ணெண்ணெய் வைப்பதும் அதை இன்னும் கக்கவைக்கும் வேலை.

தெள்ளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கதை அதேதான். குதிக்கிற தெள்ளு மொத்தக் கூட்டத்தில் ஒரு சிறு பங்கு. முட்டையும் புழுவும் கூடும் நாய் படுக்கும் புழுதியில் இருக்கின்றன. புழுவுக்கு ஈரமும் நிழலும் வேண்டும், வெயில் பட்டால் காய்ந்துவிடும். படுக்கும் இடத்தின் மேல்மண்ணை இரண்டு அங்குலம் வழித்து வெயிலில் பரப்பி, இடத்தைச் சாணி போட்டு மெழுகுவதோ கல் பாவுவதோ செய்தால் பாதிக்கு மேல் தீரும். தெள்ளைக் கடித்து விழுங்குகிற நாய்க்கு நாடாப்புழு வரும், அதற்கு மருந்து கொடுத்தாக வேண்டும்.

கடைசியாகச் சொல்லப்போவதில்தான் நம் தோழர்கள் சிலருக்கும் எனக்கும் சண்டை. நாய் இரண்டு நாளாகச் சோறு தின்னவில்லை, உடம்பு கொதிக்கிறது, ஈறு வெளுத்திருக்கிறது, மூக்கில் ரத்தம் வருகிறது, இல்லை சிறுநீர் காப்பி நிறத்தில் போகிறது என்றால், அது உண்ணி கடத்திய நோய். எர்லிக்கியா, பபீசியா என்று இரண்டு பெரிய எதிரிகள். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் ரத்தம் பார்க்க வேண்டும். முதலாவதற்கு டாக்சிசைக்ளின் ஏறக்குறைய நாலு வாரம் கொடுப்பார்கள், இரண்டாவதற்கு மருந்து வேறு. நாய் தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. நிலவேம்பும் பப்பாளி இலைச் சாறும் கொடுத்துக்கொண்டு ஒரு வாரம் காத்திருந்து நாயைப் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும். "ஆன்டிபயாடிக் கொடுத்தா அப்புறம் என்னங்க இயற்கை விவசாயம்?" என்று என்னிடமே கேட்டார்கள். வாயில்லாத ஜீவன் நம் கொள்கைக்காகச் சாக வேண்டும் என்று எந்த இயற்கையும் கேட்கவில்லை.

எர்லிக்கியாவை உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே கடத்திவிடும். ஆக, தினமும் பொறுக்கி எடுத்தாலும் முழுக் காப்பு இல்லை. ஊர்த்தெருவில் நூறு நாய் திரியும் இடத்தில், இல்லை ஏற்கெனவே ஒரு நாய் இந்த நோயில் போன தோட்டத்தில், மருத்துவர் மாத்திரை எழுதினால் நான் மறுக்க மாட்டேன். ஃப்ளூரலேனர், அஃபாக்ஸோலேனர் என்று இப்போது வாய்வழி மாத்திரைகள் வந்திருக்கின்றன. அவையும் ரசாயனம்தான். வலிப்பு வரும் நாய்க்கு எச்சரிக்கை வேண்டும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2018-ல் சொல்லியிருக்கிறது. நாயின் எடையைத் தராசில் பார்த்து வாங்க வேண்டும், கண் மதிப்பில் கூடாது. ஆனாலும் உள்ளே போகிற ஒரு மாத்திரை, குட்டையிலும் பூனை மேலும் படுகிற ஒரு வாளி மருந்தைவிட எனக்கு ஏற்புடையது. அந்த மாதங்களில் நாயின் கழிவை எருக்குழிப் பக்கம் விடாமல் தனியாகப் புதைக்கிறேன். மாடு, நாய் இரண்டுக்கும் உண்ணிக்கென்று ஐவர்மெக்டின் ஊசியைத் தாங்களே வாங்கிப் போடுகிறவர்களை மட்டும் நான் எந்தக் கணக்கிலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாட்டுச் சாணியில் அது இறங்கி, சாணி உருட்டும் வண்டைக் கொல்லும். அந்த வண்டு இல்லாத மண்ணில் என்ன ஜீவாமிர்தம் ஊற்றி என்ன?

எங்கள் பக்கம் ஆடி முடிந்து மழை இறங்கினால் உண்ணி ஏறத் தொடங்கும். அதற்கு முன்பே சுவர் வேலையை முடித்துவிட வேண்டும். ஃபிளேம் கன் ஒன்றை எங்கள் குழு பொதுவில் வாங்கி வைத்திருக்கிறது. ஆறு தோட்டத்துக்கு ஒன்று போதும், சிலிண்டர் அவரவர் பொறுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு தோட்டம் முடித்தோம். மூன்றாவது தோட்டத்துக்காரர் சுவரைக் காட்டுவதற்கு முன் மோட்டார் ரூமுக்குப் போய், ஜன்னல் திண்டில் இருந்த பாட்டிலை எடுத்து வந்து எங்கள் கையில் கொடுத்தார். அதை எங்கே கொட்டுவது என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.